தனுஷ்கோடியில் மீனவர் குடியிருப்பு எங்கே இருந்தது? 1964க்கு முன்பும் பின்பும்

ஏட்டுச்சுருள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களின் வரலாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகுத்து வருகிறேன். தனுஷ்கோடி என்றதும் எங்கு பார்த்தாலும் ஒரே கதைதான். இடிந்த தேவாலயம், ரயில் நிலையம், புயல், மூழ்கிய ரயில், முடிந்தது. பத்து வீடியோ பார்த்தால் பத்திலும் அதே தேவாலயச் சுவர், அதே சோக இசை.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஊரில் ரயில்வேக்காரர்களும் சுங்க அதிகாரிகளும் மட்டுமா இருந்தார்கள்? மீன்பிடித்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள்? புயலுக்குப் பிறகு ஊர் காலியாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் போய்ப் பார்த்தால் குடிசைகள் இருக்கின்றன, வலை காய்கிறது. இது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

ரயில் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மீனவர் பற்றிச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தனுஷ்கோடியைப் பெரிய ஊராக்கியது ரயில்தான். 1914க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவார்கள். கடல் பயணம் நீளம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் கணக்கே மாறிப்போனது. எழும்பூரில் ஏறினால் நேரே தனுஷ்கோடி. ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். இதைத்தான் போட் மெயில் என்றார்கள். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் பெயர் உண்டு. இர்வின், கோஷன் என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் இந்தப் பாதையில் ஓடின.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பாம்பன் அப்போது சந்திப்பு நிலையம். அங்கிருந்து ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. கொழும்பு மெயில் போனது தனுஷ்கோடித் தடத்தில். கோயில் ஊர் கிளைப்பாதையில் இருந்தது, மணல் முனைதான் பிரதான நிலையம்! இன்றைக்கு நினைத்தால் வேடிக்கையாக இருக்கும்.

ரயில் நிலையம், துறைமுக அலுவலகம், சுங்கம், தபால் தந்தி, ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தங்கும் விடுதிகள் எல்லாம் இதையொட்டி வந்தவை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளிகளும் பெருமளவில் இந்த வழியாகத்தான் போனார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். ஒரு பெட்டியும் ஒரு போர்வையுமாகத் தனுஷ்கோடி மேடையில் உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி யாருமே வீடியோ போடுவதில்லை.

---

உப்புக்காத்து எழுதியது:

நான் தீவுக்காரன். அம்மாச்சி பிறந்தது தனுஷ்கோடியில். புயலடித்த அன்று ராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தார், அதனால் பிழைத்தார். தாத்தாவின் அண்ணன் குடும்பம் மொத்தமும் போய்விட்டது.

மீட்டர்கேஜ் அண்ணன் சொன்னது சரி. ஆனால் ரயில் வந்து உண்டாக்கியது டவுனை. மீன்பிடி அதற்கு முன்பே அங்கே இருந்தது. அம்மாச்சி எப்போதும் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார். ‘டேசன் பக்கம்’ கல் கட்டடம், விளக்கு, சட்டை போட்ட ஆட்கள். ‘கரைப் பக்கம்’ ஓலைக் குடிசை, வள்ளம், கருவாடு. டேசன் பக்கக் கட்டடங்களைப் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள், அதனால் பாதிச் சுவராவது இன்னும் நிற்கிறது. கரைப் பக்கம் பனை ஓலையும் கம்பும். அதில் எதுவும் மிஞ்சாது. நீங்கள் தேடும் குடியிருப்புக்கு இடிபாடு கிடைக்காததற்குக் காரணம் இதுதான். குடியிருப்பு இல்லாமல் போனதால் அல்ல.

தொழில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே முக்கியம் கரைவலை. இப்போதும் பார்க்கலாம். ஒரு முனைக் கயிற்றைக் கரையில் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறுமுனைக் கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். வெறும் கையால் இழுத்தால் கை போய்விடும். ஆளுக்கொரு சின்னக் கயிறு இடுப்பில் இருக்கும், அதைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உடம்பைச் சாய்த்துப் பின்பக்கமாகவே நடப்பார்கள். வரிசையின் கடைசி ஆள் மணல்மேடு வரை போனதும் சுற்றை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து தண்ணீரோரத்தில் முதல் ஆளாகச் சேர்ந்துகொள்வார். இப்படியே மணிக்கணக்கில் போகும். இரண்டு வரிசையும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். மடி (மீன் சேரும் வலையின் பை) கரைக்கு வரும்போதுதான் தெரியும், அன்றைக்குச் சோறா, கஞ்சியா என்று. அம்பா (வலை இழுக்கும் பாட்டு) பாடிக்கொண்டே இழுத்ததை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது செல்போனில் பாட்டு ஓடுகிறது.

வலை சம்மாட்டியுடையது, அதாவது வலைச் சொந்தக்காரருடையது. பிடிபட்டதில் வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. சாளை, காரல், நெத்திலி, முரல் என்று அந்தந்தக் காலத்துக்கு வருவது வரும். பச்சை மீன் டேசன் பக்கம் விற்கும். மிச்சம் அங்கேயே மணலில் காயும். அந்தக் கருவாடு ரயிலிலும் போகும், கப்பலிலும் போகும். அதனால் இரண்டு பக்கமும் ஒன்றை நம்பி ஒன்று இருந்தது என்பதும் உண்மை.

---

வழிப்போக்கன்77 எழுதியது:

அருமையான பதிவு. ஆண்கடல், பெண்கடல் என்று அங்கே ஆட்டோ டிரைவர் சொன்னார். அது என்ன கணக்கு?

---

உப்புக்காத்து எழுதியது:

வடக்கே இருப்பது பாக் நீரிணை, பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். பெண்கடல் ஆழம் குறைவு, பொதுவாக அமைதி. ஆண்கடலில் அலை எப்போதும் இருக்கும். நிலம் நடுவில் ஒரு நாடா மாதிரி, சில இடத்தில் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து அலை கேட்கும்.

ஆனால் டிரைவர் சொல்லாத ஒன்று உண்டு. அமைதி என்பது காற்றைப் பொறுத்தது. வாடைக்காற்று அடிக்கும்போது, அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், பெண்கடல்தான் கொந்தளிக்கும், தெற்குக் கடல் அடங்கியிருக்கும். கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் தலைகீழ். எங்கள் ஆட்கள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வலையையும் வாடியையும் (தொழிலுக்குத் தங்கும் குடிசை) மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு கடலில் தொழில் நடக்கும். இந்த வசதி வேறு எந்த ஊரில் இருக்கிறது? இவ்வளவு ஆபத்தான இடத்தில் ஏன் போய் உட்கார்ந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இது பாதிப் பதில்.

---

காற்றழுத்தம் எழுதியது:

புயல் பற்றி இணையத்தில் நிறையக் கலப்படம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

1964 டிசம்பர் நடுவில் தெற்கு அந்தமான் கடலில் உருவானது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவது அபூர்வம். 19ஆம் தேதி வாக்கில் தீவிரமாகி, மேற்கே நகர்ந்து, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கமாகக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. 22-23 நள்ளிரவில் தனுஷ்கோடி. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை என்பது மதிப்பீடுதான், அங்கே கருவி வைத்து அளந்தது அல்ல. அலை 7 மீட்டர் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஊரை அழித்தது காற்றைவிடத் தண்ணீர். ஆழமான கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கிப் பரவிவிடும். பாக் நீரிணை மாதிரி ஆழமில்லாத கடலில் அதற்குப் போக இடம் இல்லை, மேலே எழும்பிக் கரையேறும். தனுஷ்கோடியின் நிலமோ கடல்மட்டத்துக்கு ஓரிரு ஆள் உயரம்கூட இல்லாத மணல். அந்தப் பக்கமும் கடல். ஏறிய தண்ணீர் ஊருக்கு மேலேயே ஓடி மறுபக்கம் இறங்கியிருக்கும். ஓடிப்போய் நிற்க உட்பகுதி என்று ஒன்று அங்கே கிடையாது. நேரம் வேறு நள்ளிரவு.

சுமார் 1,800 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அதில் அக்கரையும் இக்கரையும், பதிவில் இருந்தவர்களும் இல்லாதவர்களும் எப்படிக் கணக்கானார்கள் என்பது தனி விவாதம்.

---

தென்முனை எழுதியது:

அந்த ரயில் கதையையும் யாராவது சரியாகச் சொல்லுங்கள். ஒருவர் 115 என்கிறார், இன்னொருவர் 200 என்கிறார், ஆயிரம் என்றுகூட ஒரு வீடியோவில் கேட்டேன்.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

ஆயிரம் எல்லாம் கட்டுக்கதை. வண்டி எண் 653, பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். 22ஆம் தேதி இரவு 11.55க்குப் பாம்பனை விட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். சுற்றுலா வந்த மாணவர்களும் அதில் இருந்தார்கள். தனுஷ்கோடி நெருங்குவதற்குச் சற்று முன்னால் சிக்னல் வேலை செய்யவில்லை. வண்டி நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டிரைவர் விசில் கொடுத்து நகர்த்தினார், அலை அடித்துவிட்டது என்பதே சொல்லப்படும் வரிசை. யாரும் பிழைக்காத வண்டியில் கடைசி நிமிடங்களை யார் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது, அதனால் டிரைவரைக் குற்றம் சொல்லும் பேச்சில் நான் சேர்வதில்லை.

200 என்பது டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்து ஊகிப்பது. அந்தத் தடத்தில் டிக்கெட் எடுக்காமல் போவது சகஜம்தான், ஊகம் நியாயமானது, ஆனால் ஊகம் ஊகம்தான். தந்தி, தொலைபேசி எல்லாம் அறுந்துபோனதால் ரயில் போன செய்தியே இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

பாம்பன் பாலத்தில் 145 கர்டர்களில் (இரும்பு உத்திரங்கள்) 126 போய்விட்டன. கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி தாங்கியது. பின்னாளில் மெட்ரோ மனிதர் என்று பெயர் வாங்கிய ஈ. ஸ்ரீதரன் அப்போது இளம் பொறியாளர். கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்.

இங்கேதான் என் கேள்வி. பாலத்தை 46 நாளில் நிமிர்த்தியவர்களுக்குப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் 24 கி.மீ. தடம் போடுவது பெரிய வேலையா? போடவில்லை. ராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்கள் போயாக வேண்டும், அதற்குப் பாலம் போதும். இலங்கைக் கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். தனுஷ்கோடியை முடித்ததில் புயலுக்குப் பாதிப் பங்கு, மறுபடி கட்ட வேண்டாம் என்ற முடிவுக்குப் பாதிப் பங்கு. சரியான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை ‘இயற்கையின் சீற்றம்’ என்ற ஒற்றை வரியில் மூடிவிடுகிறார்கள்.

---

மன்னார்ப்பொடியன் எழுதியது:

அக்கரையில இருந்து ஒரு ஆள் எழுதுறன், குறை நினைக்க வேண்டாம்.

அந்தப் புயல் எங்கட பக்கமும் அடிச்சது. தனுஷ்கோடி பற்றிக் கதைக்கிற ஆக்கள் தலைமன்னாரை மறந்துபோறது எனக்குப் பெரிய கவலை. இரண்டும் ஒரே பாதையின்ர இரண்டு முனை. எங்கட இறங்குதுறைக்கு உங்கட கப்பல் வராட்டில் எங்கட புகையிரதத்துக்கும் வேலை இல்லை. புயலுக்குப் பிறகு ராமேஸ்வரத்தில இருந்து ‘ராமானுஜம்’ கப்பல் வந்துகொண்டிருந்தது. 80களில யுத்தத்தோட அதுவும் நிண்டுபோச்சு. 1990இல தண்டவாளமும் போச்சு. 2015 மார்ச்சிலதான் தலைமன்னார் பியர் வரைக்கும் புகையிரதம் திரும்ப வந்தது. இப்ப ரயில் வந்து நிக்குது, கப்பல்தான் இல்லை.

எங்கட பக்கத்திலயும் கரைவலைக்குச் சம்மாட்டி, வாடி எண்டுதான் சொல்லுறது. முந்தி இரண்டு கரைக்கும் இடையில பெண் எடுக்கிறது, கொடுக்கிறது எல்லாம் சாதாரணம். எங்கட அப்பப்பா ராமேஸ்வரத்தில படம் பார்க்கப் போய் வருவாராம்.

இன்னொரு விஷயம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. மலையகத் தமிழரில 5,25,000 பேரை இந்தியா எடுக்கிறது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை குடுக்கிறது எண்டு முடிவு. அது நடந்து இரண்டு மாசம் ஆகேல்ல, தனுஷ்கோடி போயிட்டுது. பாட்டன் பூட்டன் போன வாசல் வழியாப் பேரப்பிள்ளையள் திரும்பிவரேக்க அந்த வாசலே இல்லை.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

மன்னார்ப்பொடியன், மிக்க நன்றி. ஒப்பந்தத் தேதியையும் புயல் தேதியையும் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குத்தானே போனார்கள்? போகும்போது தங்கவைத்த அதே மண்டபம்.

உப்புக்காத்து, புயலுக்குப் பிறகு திரும்பப் போனது பற்றி எழுதுங்கள்.

---

உப்புக்காத்து எழுதியது:

மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. டேசன் பக்கத்து ஆட்களுக்கு வேலை வேறு ஊருக்கு மாற்றலானது, போய்விட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் கடலை மாற்றல் செய்ய முடியுமா? ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் போய் ஒண்டியவர்கள், முதலில் தொழிலுக்கு மட்டும் வாடி போட்டுத் தங்கினார்கள். பிறகு சமைக்க ஒரு ஆள் வேண்டும் என்று பெண்கள் போனார்கள். பிள்ளைகளை எங்கே விடுவது? அவர்களும் போனார்கள். அப்படித்தான் முகுந்தராயர் சத்திரத்திலும் கம்பிப்பாட்டிலும் பழைய தனுஷ்கோடியிலும் மறுபடி குடியிருப்பு வந்தது. யாரும் தீர்மானம் போட்டுத் திரும்பவில்லை.

தண்ணீர் எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். ஊற்றுத் தோண்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. இரண்டு மூன்று அடி போதும். தண்ணீர் கசிந்து ஓரத்து மணல் கறுத்து வரும்போது நிறுத்திவிட வேண்டும். அப்புறம் காத்திருந்து, தேங்குகிற தண்ணீரைச் சிரட்டையால் அடி கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ வாளி போட்டு இறைத்தாலோ அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், அந்த ஊற்று அவ்வளவுதான். அம்மாச்சி வெளியூர் ஆள் யாராவது ஊற்றுப் பக்கம் போனாலே சத்தம் போடுவார்.

மின்கம்பி பல பத்தாண்டுகளாக வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு சூரிய ஒளி விளக்கு. பள்ளிக்கூடம் வந்தது. பட்டா வரவில்லை. ரேஷன் கார்டில் ஒரு முகவரி, குடியிருப்பது வேறு இடம் என்று வாழ்ந்தவர்கள் எத்தனையோ பேர். பிரசவ வலி எடுத்தால் மணலில் வேனைத் தள்ளிக்கொண்டு போன கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு.

ஆளில்லாத ஊர் என்று டிரோன் விட்டு எடுக்கிறார்களே, கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் எங்கள் சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருப்பது தெரியும். திருப்ப மாட்டார்கள். ஆள் தெரிந்தால் திகில் போய்விடுமே.

---

வழிப்போக்கன்77 எழுதியது:

😂 சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

தென்முனை எழுதியது:

யாரும் கோபப்பட வேண்டாம், எதிர்த்தரப்பையும் ஒருவர் பேச வேண்டும் இல்லையா.

அங்கே மக்கள் குடியிருப்பதை அரசு ஏன் ஊக்குவிக்க வேண்டும்? அந்த நிலம் 1964க்கு முன்னாலேயே நிலையாக இருந்ததில்லை. 1948-49இல் வளைகுடாப் பக்கத்து நிலத்தின் ஒரு பகுதி தாழ்ந்து கடலுக்குள் போனதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு ஒன்று சொல்கிறது. மணல்முனை வருடா வருடம் நீள்கிறது, குறைகிறது, வளைகிறது. இன்று வீடு கட்டிய இடம் நாளை கடல். கடல்மட்டம் உயர்கிற காலத்தில் பட்டா கொடுத்து, மின்சாரம் கொடுத்து, அடுத்த புயலில் பிணங்களை எண்ணுவதா?

அதோடு, அது பூநாரைகள் வருகிற இடம். 2025 ஜூனில் சுமார் 525 எக்டேரைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஆமை முட்டையிடும் கரை அது. பக்கத்தில் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. மனித நடமாட்டம் குறைவாக இருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

---

உப்புக்காத்து எழுதியது:

தென்முனை, கோபமில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய நடமாட்டம் என்று சொல்லாமல் விட்டீர்களே.

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ஒன்பதரை கி.மீ. தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், மணலில் ஓடுகிற வேனில்தான் போக வேண்டும். ரோடு எங்களுக்காக வந்தது என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஆட்களுக்கு நன்மை கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. மீன் கெடாமல் ராமேஸ்வரம் போகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் விடுமுறை நாளில் அரிச்சல்முனையில் கார் நிறுத்த இடமிருக்காது. பிளாஸ்டிக் பாட்டிலை ஆமை முட்டையிடும் மணலில் போட்டுவிட்டுப் போவது கரைவலை இழுக்கிறவன் இல்லை. ஓலைக்குடிசைக்காரன் இருந்தால் பூநாரைக்குத் தொந்தரவு, கார் வந்தால் சுற்றுலா வளர்ச்சி!

ஆபத்து பற்றி. எங்களைவிட அதைத் தெரிந்தவர் யார்? ஓலைக்குடிசை போடுவதே அதனால்தான். போனால் இரண்டு நாளில் மறுபடி கட்டிக்கொள்ளலாம். இப்போது புயல் எச்சரிக்கை வந்தால் வள்ளத்தை மேலே ஏற்றிவிட்டு எல்லோரும் ராமேஸ்வரம் போய்விடுகிறார்கள். 1964இல் அந்த எச்சரிக்கை எங்கள் கரைப் பக்கம் வந்து சேரவே இல்லை.

---

காற்றழுத்தம் எழுதியது:

உப்புக்காத்து சொல்வதில் கடைசி விஷயம் முக்கியமானது. 1964இல் செயற்கைக்கோள் படம் இங்கே அன்றாடப் பயன்பாட்டில் இல்லை. கப்பல்களும் கரை நிலையங்களும் கொடுக்கும் தகவலை வைத்து ஊகித்தார்கள். நள்ளிரவில் எந்த இடத்தில், எந்த வேகத்தில் வரும் என்று சொல்லும் திறமை அப்போது இல்லை. இன்று நான்கைந்து நாள் முன்னாலேயே பாதை தெரிந்துவிடுகிறது. உயிரிழப்பைப் பொறுத்தவரை அன்றைய கணக்கை அப்படியே இன்றைக்கு ஒப்பிட முடியாது.

ஆனால் தென்முனை சொல்லும் நிலம் பற்றிய எச்சரிக்கை உண்மை. அந்த மணல் பருவக்காற்றுக்கு ஏற்ப இரண்டு பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் நடுவே பாறாங்கல் அடுக்கி ரோடு போட்டால் நகரும் மணலுக்கு வழி அடைபடும். கச்சான் காலத்தில் அலை ரோட்டில் ஏறி மணலைக் கொட்டுவதைப் பலமுறை செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓலைக்குடிசை தள்ளிப் போகும். தார்ச்சாலை தள்ளிப் போகாது.

---

மீட்டர்கேஜ் எழுதியது:

ரயில் ரசிகன் நானே சொல்கிறேன்: 2019இல் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள், 17 கி.மீ. சொச்சம். வேலை நகரவில்லை. நகராமல் இருப்பதே நல்லது. 1914இல் அந்த ரயிலுக்கு ஒரு வேலை இருந்தது, அது முடிகிற இடத்தில் கப்பல் நின்றது. இப்போது போட்டால் செல்ஃபி எடுக்கப் போகிறவர்களைக் கொண்டுவிடும், அவ்வளவுதான். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது, செங்குத்தாகத் தூக்கும் பாலம், நல்ல வேலைப்பாடு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

---

மன்னார்ப்பொடியன் எழுதியது:

ரயிலை விடுங்கோ, கப்பலை விடுங்கோ எண்டுதான் நாங்கள் கேக்கிறம் 🙂

கடல் எல்லை பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. 1974, 1976 ஒப்பந்தங்களுக்குப் பிறகு நடுக்கடலில கோடு விழுந்தது. அதுக்கு முந்தி மணல் தீடையளில (கடலுக்கு நடுவில இருக்கிற திட்டுகள்) இரண்டு பக்கத்து ஆக்களும் இறங்கி வலை காயப்போட்டு, சமைச்சுச் சாப்பிட்டுப் போவினமாம். இப்ப அந்தத் தீடையளில நிக்கிறது கடற்படையும், இடையிடை எங்கட அகதிச் சனமும். 2022 மார்ச்சில பொருளாதார நெருக்கடி நேரம் கைக்குழந்தையோட வந்து தீடையில இறங்கிக் காத்திருந்தவையைப் பேப்பரில பாத்திருப்பியள். இழுவைப்படகு வந்து எங்கட வலையை அறுக்கிற பிரச்சினையும் இருக்குது, அதைக் கதைக்கத் தொடங்கினால் இந்த இழை சண்டையில முடியும். கரைவலைக்காரர் அந்தச் சண்டையில இல்லை எண்டது மட்டும் சொல்லிவைக்கிறன்.

---

உப்புக்காத்து எழுதியது:

உண்மை. இழுவைமடியால் எங்கள் கரைவலைக்கும் நஷ்டம்தான். குஞ்சு மீனையெல்லாம் வாரிக்கொண்டு போனால் கரைக்கு என்ன வரும்? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை இருக்கிற அந்த 61 நாளில் கரைவலைக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

---

தென்முனை எழுதியது:

பட்டா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, நிரந்தரக் கட்டடம் அங்கே கூடாது. ஆனால் பருவத்துக்கு வாடி போட்டுத் தொழில் செய்யும் உரிமையை எழுத்தில் கொடுக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ரோட்டில் கார்களுக்கு ஒரு வரம்பு வைக்க வேண்டும் என்பதிலும் உடன்படுகிறேன். சத்திரத்தோடு காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

---

உப்புக்காத்து எழுதியது:

பேருந்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்தில் உரிமை என்பதற்கும். நிரந்தரக் கட்டடத்தை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கேட்பதே இல்லை, ஆனால் பள்ளிக்கூடமும் ஒரு நர்ஸும் நிரந்தரமாக வேண்டும். அதற்குக் கட்டடம் இல்லாமல் முடியாது.

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. 1964க்கு முன் கரைப் பக்கத்தில் வாழ்ந்தவர்களில் இப்போது இருப்பவர்களைச் சந்தித்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஆசை. அன்று பத்து வயது என்றால் இன்று எழுபதைத் தாண்டியிருக்கும், தள்ளிப்போட முடியாது. உப்புக்காத்து, எப்போது வரலாம், யாரைக் கேட்பது?

---

உப்புக்காத்து எழுதியது:

தை பிறந்த பிறகு வாருங்கள். வாடை அடங்கியிருக்கும், ஆட்களுக்கும் பேச நேரம் இருக்கும். டிசம்பர் 22, 23இல் வராதீர்கள். அன்றைக்கு மைக் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் வருவார்கள், பெரியவர்கள் எரிச்சலில் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காலையில் கரைவலை இழுத்து முடித்த பிறகு போங்கள், இழுக்கும்போது கேள்வி கேட்டால் திட்டு விழும். நீங்களும் ஒரு கை பிடித்து இழுத்தால் திட்டு விழாது.

எடுத்த எடுப்பில் புயலைப் பற்றிக் கேட்காதீர்கள். எந்தக் காற்றில் என்ன மீன் வந்தது, எந்தச் சம்மாட்டி எவ்வளவு பங்கு கொடுத்தார், டேசன் பக்கம் கருவாடு என்ன விலைக்குப் போனது என்று தொடங்குங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். சத்திரத்தில் எங்கள் சித்தப்பா இருக்கிறார், விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இராவணன் மீசை (மணலில் படரும் முள் புல்) குத்தும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

---

மன்னார்ப்பொடியன் எழுதியது:

பதிவு செய்து முடிச்சதும் எங்களுக்கும் ஒரு பிரதி வேணும். தலைமன்னார் பக்கத்தில அந்தக் கப்பலில வேலை செய்த ஆக்கள் ஓரிருவர் இருக்கினம், அவையளை நான் பதிவு செய்து அனுப்பட்டோ?

---

ஏட்டுச்சுருள் எழுதியது:

கட்டாயம் அனுப்புங்கள். கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்து இந்த வாரக் கடைசியில் இங்கேயே போடுகிறேன். மீட்டர்கேஜ், ரயில்வே பக்கத்துக் கேள்விகளை நீங்கள் சேர்க்க வேண்டும். தென்முனை, நிலம் பற்றிய ஆய்வு விவரம் உங்களிடம் இருந்தால் அதையும்.